துணி டாக்டர் எடுத்த கறை

என் தம்பி மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்கு அவர் வேலை பார்க்கிற லாண்டரியில் 'துணி டாக்டர்' என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஒட்டிக்கொண்டது. முன்பக்கம் துணி வாங்குகிற பெண் சட்டையை விரித்துப் பார்ப்பாள். வெறும் அழுக்கு என்றால் நேரே இயந்திரத்துக்கு. கறை என்றால் ஒரு மஞ்சள் சீட்டைக் குத்தி, "டாக்டருக்கு ஒரு கேஸ்" என்று பின்னறைக்குத் தள்ளிவிடுவாள்.

அந்தப் பின்னறைக்கு ஒரே சன்னல். அதுவும் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். சன்னலுக்குக் கீழே தகரம் அடித்த மேசை, மேசைமேல் பன்னிரண்டு குப்பிகள், கூர் மழுங்கிய ஒரு சின்ன எலும்புக் கத்தி, மயிர் குட்டையான இரண்டு பிரஷ்கள், அடியில் கொடுப்பதற்குக் கிழித்து வைத்த வெள்ளைத் துணிகள். பதினேழு வருடமாக அவர் உலகம் அவ்வளவுதான். கறையைக் கண்டதும் மருந்து ஊற்றுகிற ஆள் இல்லை. முதலில் உற்றுப் பார்ப்பார். நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். எண்ணெயா, பாலா, மையா, பழமா, துருவா என்று முடிவு கட்டுவார். பிறகு மடிப்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு இடத்தில் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சாயம் போகவில்லை என்றால்தான் கறையில் கை வைப்பார். ஓரத்திலிருந்து நடுவுக்குத்தான் வருவார். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் கறை பரவி வளையம் விழுந்துவிடும்.

"துணி பொய் சொல்லாது மாமா. துணிக்குச் சொந்தக்காரங்கதான் பொய் சொல்வாங்க. சாக்லேட்னு எழுதிக் கொடுப்பாங்க. பாத்தா ரத்தம்" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடமே அந்தக் குப்பிகள் அவர் மூக்கைத் தின்றுவிட்டன. வாசனை கிடையாது, நாற்றமும் கிடையாது. பிள்ளை பிறந்தபோது எல்லோரும் அதன் உச்சந்தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்தோம். அவரும் வாங்கி முகர்ந்தார். "என்ன மாதிரி இருக்கும்?" என்று என் தம்பி மகளிடம் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "சுடச்சுட இஸ்திரி போட்ட துணி மாதிரி இருக்கு" என்றாள். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அப்படிப்பட்ட பெண் அவள்.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவுக்கு நாங்கள் ஐந்து பேர். நான் மூத்தவன், இந்தத் தம்பி நான்காவது. அவனுக்கு இவள் ஒருத்திதான். பஸ் கண்டக்டராக இருந்து, இவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது போய்விட்டான். தாயும் அடுத்த வருடமே போய்விட்டாள். பிறகு இவள் எது என்றாலும் என்னிடம்தான் வருவாள். எங்கள் வகையறாவில் வரைகிற கை யாருக்கும் கிடையாது. என் அத்தையின் இரண்டாவது மகன், வாத்து என்று கூப்பிடுவோம், அவன் மட்டும் பஸ் சன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு விரலால் ஆடு மாடு போடுவான். அடுத்த நிறுத்தத்துக்குள் அழிந்துவிடும். தம்பி பெண்டாட்டி பக்கத்திலும் அவள் பாட்டனுக்குப் பாட்டன் வரைக்கும் விசாரித்துவிட்டேன், ஒருவரும் இல்லை. இவளுக்கு எங்கிருந்தோ வந்தது.

ஒரு சின்னப் பள்ளியில் தற்காலிகமாகப் படம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் அந்தத் தற்காலிகம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. பிறந்த நாளிலிருந்து வீட்டில் யார் எப்போது தூங்குவது, எப்போது சாப்பிடுவது என்று அதுதான் உத்தரவு போட்டதால் 'அதிகாரி' என்று பெயர் விழுந்தது. "அதிகாரி எழுந்துட்டாங்களா?" "இன்னைக்கு அதிகாரி கடும் கோபத்துல இருக்காங்க." இப்படித்தான் அந்த வீட்டில் பேச்சு.

வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையலறை. நடுவே குறுக்காகக் கொடி கட்டிப் பிள்ளைத் துணிகள் தொங்கும். குனிந்துதான் போக வேண்டும். அதிகாரி தூங்குகிற நேரத்தில் என் தம்பி மகள் தரையில் மண்டிபோட்டு வரைவாள். முக்கால் மணி நேரம் கிடைத்தால் அது பெரிய பாக்கியம்.

பிள்ளைக்கு ஏழு மாதம் ஆனபோது ஒரு பெரிய பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்தது. ஓவிய ஆசிரியர் வேண்டும். நிரந்தர வேலை. வரைவதற்குப் பள்ளியிலேயே ஒரு அறை உண்டு. விண்ணப்பிக்கிறவர்கள் ஆளுக்கொரு படம் கொண்டுவந்து பள்ளி மண்டபத்தில் மாட்ட வேண்டும். சனியும் ஞாயிறும் ஊரார் பார்க்கலாம். ஞாயிறு பதினோரு மணிக்குத் தலைமையாசிரியை வந்து பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இவளுக்கு முப்பது முடிய இரண்டு மாதம் இருந்தது.

"பெரியப்பா, இது போச்சுன்னா நான் இனிமே பேனாவைத் தொட மாட்டேன்" என்றாள். நான் சிரித்தேன். "சும்மா சொல்லல. மண்டி போட்டு மண்டி போட்டு எதுக்குன்னே தெரியாம வரைஞ்சுக்கிட்டு இருக்க முடியாது. ஒருதரம் யாராவது சரின்னு சொல்லணும். இல்லன்னா விட்டுடணும்." சிரித்ததற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

படத்துக்குத் துணி கொடுத்தது மாப்பிள்ளைதான். லாண்டரியில் ஒரு வழக்கம் உண்டு. போட்டுவிட்டு வாங்க வராத துணியை இரண்டு வருடம் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு வேலை செய்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி வந்தது ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பு, பால் வெள்ளை. மையும் அங்கேயிருந்துதான். துணியில் அடையாளம் எழுதுகிற கறுப்பு மை. கொதிக்க வைத்தாலும் போகாது. லாண்டரிக் கடைக்காரரிடம் கேட்டு ஒரு பாட்டில் வாங்கிவந்தார். கடைக்காரர் கொடுத்தார்தான், ஆனால் "வீட்ல படம் போடுறதுக்கா நான் மை வாங்கி வச்சிருக்கேன்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளை அதை வீட்டில் சிரிப்பாகத்தான் சொன்னார். அவள் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அவள் வரைந்தது லாண்டரியின் பின்னறை. நீளக் கம்பியில் வரிசையாகத் தொங்குகிற கோட்டுகள், சட்டைகள், பாவாடைகள். ஒவ்வொன்றும் தலை இல்லாத ஆள் மாதிரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தோளைத் தொங்கப்போட்டு நிற்கும். நடுவே மேசையில் குனிந்தபடி ஒரு முதுகு. அந்த முதுகைப் பார்த்தாலே மாப்பிள்ளை என்று தெரியும். கீழே வலது மூலையில் ஒரு துணிக்கூடை, கூடைக்குள் ஒரு குழந்தை. அத்தனை துணியில் அது ஒன்றுதான் முகம். அது நம்மைப் பார்க்கும்.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் மாட்டினோம். ஒன்பது படங்கள். வந்தவர்கள் மற்றதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இவளுடையதன் முன்னால் நின்றார்கள். கொஞ்ச நேரம் துணிகளைப் பார்ப்பார்கள், பிறகு எல்லோருடைய கண்ணும் கீழே அந்த மூலைக்குத்தான் இறங்கும். மாப்பிள்ளை அதிகாரியைத் தோளில் போட்டுக்கொண்டு காவல்காரர் மாதிரி பக்கத்திலேயே நின்றார்.

"அந்த முதுகு நான்தாங்க" என்றார் ஒரு அம்மாளிடம், அவர் கேட்காமலேயே.

"முகம் தெரியலையே?"

"வேலை நேரத்துல எனக்கு முகம் கிடையாதுங்க."

அந்த அம்மாள் கூடைப் பிள்ளையையும் தோளில் இருந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "அதே முறைப்பு" என்றார். என் தம்பி மகள் தூண் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சிரித்தாள். எட்டு மாதத்தில் நான் பார்த்த சிரிப்பு அது ஒன்றுதான். மாப்பிள்ளை என் காதருகே வந்து, "மாமா, கிடைச்சிடும்னு தோணுது. வாயால சொன்னா போயிடுமோன்னு பயமா இருக்கு" என்றார்.

படம் மாட்டுகிற அன்று வெளியே சாப்பிடுவது என்று அவர் அறிவிப்பு வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்தபின் அவர்கள் ஓட்டலுக்குப் போனதே இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு ஓட்டலுக்குப் போனோம். அவருடைய அக்காவும் வந்து சேர்ந்தார். அவர் தம்பியை வளர்த்தவர், நல்ல மனசு, ஆனால் வாய்க்குக் கதவு கிடையாது.

உட்காரும்போதே ஆரம்பித்தார். "என்னம்மா, உன் போர்வையை எல்லாரும் பாத்தாச்சா? எங்க வீட்லயும் நாலு போர்வை கிடக்கு, கொண்டாந்து மாட்டட்டுமா?"

"மாட்டுங்க அண்ணி. மூட்டைப்பூச்சிக்கும் பரிசு கொடுக்குறாங்களாம்" என்றாள் இவள்.

"பாத்தியாடா, வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடியே வாய் டீச்சராயிடுச்சு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு அக்காவே பெரிதாகச் சிரித்தார். நல்ல பொழுதாகத்தான் இருந்தது. அதிகாரியை உயரமான குழந்தை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அது கரண்டியால் மேசையைத் தட்டி ஓட்டல் முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தது. நூடுல்ஸ் வந்தது, பொரித்த கோழி வந்தது, பீட்ரூட் சூப் வந்தது.

அக்கா சூப்பை ஊதி ஊதிப் பிள்ளைக்குக் கொடுத்தார். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. அது வாயைத் திறந்துகொண்டே இருந்தது.

"போதும் அண்ணி, இப்பத்தான் பால் குடிச்சா."

"எட்டு மாசமாச்சு, இன்னும் பாலையே ஊத்திட்டு இருக்கே. உடம்புல ரத்தம் ஊற வேண்டாமா? பாரு, எப்படிக் கேக்குறா."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"ஒன்னும் ஆகாது. இவன் மூத்திரத்துணி அலசின கை இது. எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தர்றியா?"

மாப்பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்தார். நூடுல்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அரைக் கிண்ணம் உள்ளே போனது.

சாப்பிட்டு முடித்து அக்கா பஸ் ஏறிப் போய்விட்டார். நாங்களும் வீட்டுக்குப் போயிருக்கலாம். "எட்டு மணி வரைக்கும் மண்டபம் திறந்திருக்கும். விளக்கு போட்டா எப்படி இருக்குன்னு ஒருதரம் பாத்துட்டு வந்துடலாமா?" என்று என் தம்பி மகள் கேட்டாள். அவள் ஆசையாக எதையும் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. யார் வேண்டாம் என்பது?

மண்டபத்தில் ஆளில்லை. மஞ்சள் விளக்குகளின் கீழே அந்தத் துணி, நிஜமாகவே யாரோ வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளை அதிகாரியைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் பக்கத்தில் குனிந்தார். "யாரு இது? கூடைக்குள்ள யாரு? நீயா, நானா?" என்று பிள்ளையின் முகத்தைக் கூடைக்கு நேரே கொண்டுபோனார். பிள்ளை ஒரு சின்ன விக்கல் விக்கியது. அடுத்த நொடி பாலும் சூப்புமாகச் செக்கச்செவேல் என்று கொட்டிவிட்டது.

கூடையின் ஓரத்தில், கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு.

என் தம்பி மகள் பாய்ந்து வந்தாள். பிள்ளையைப் பறிக்கிற மாதிரி வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளையின் குரல் அப்படியே மாறிவிட்டது. "யாரும் தொடாதீங்க. தண்ணி வைக்காதீங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, மேலே இருந்ததை ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்தார். காய்ந்த கைக்குட்டையால் ஒற்றினார், தேய்க்கவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாலும் பீட்ரூட்டும். இதைவிடச் சுலபமான கறை கிடையாது. காலையில எடுத்துடலாம்."

"நிஜமாவா?"

"என்கிட்ட வந்து எந்தக் கறை போகாம இருந்திருக்கு?"

கைப்பிடி ஓரத்தில் லேசாக ஒரு நீலம் அப்போதே இருந்திருக்கும். மஞ்சள் விளக்கில் நீலம் தெரியாது. மண்டபக் காவலாளி நல்ல மனிதர். கழற்றிக் கொடுத்துவிட்டு, "காலையில பத்தரைக்குள்ள மாட்டிடுங்க. பதினொன்னுக்கு அந்த அம்மா டாண்ணு வந்துடுவாங்க" என்றார். லாண்டரிச் சாவி கடைக்காரர் வீட்டில். விடிந்துதான் வாங்க முடியும்.

அன்று நான் அவர்கள் வீட்டிலேயே சமையலறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன். பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. தாய்க்காரி தூங்கவே இல்லை. விடிந்து ஆறரை மணிக்கு மாப்பிள்ளை துணியை உருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்:

"எல்லாம் நம்ம மார்க்கிங் மைதானே?"

அவள் சுவரில் சாய்ந்தபடி, பிள்ளை மார்மேல், கண்ணை மூடிக்கொண்டு, "ம்" என்றாள்.

துணைக்கு நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் இயந்திரங்கள் ஓடாமல் லாண்டரி அடங்கிக் கிடந்தது. மாப்பிள்ளை மேசையைத் துடைத்துத் துணியை விரித்தார். தொழிலில் எப்படியோ அப்படியே செய்தார், ஒன்றையும் விடவில்லை. படத்துக்கு மறைவான மடிப்பு ஏது? அதனால் இடது ஓரத்தில் ஒரு கோட்டின் கீழ் விளிம்பில் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் நின்றார். கோடு அசையவில்லை. வெள்ளைத் துணியை வைத்து ஒற்றிப் பார்த்தார், துளி கறுப்புக்கூட ஏறவில்லை. "நம்ம மை நம்ம மைதான்" என்றார் பெருமையாக.

பாலுக்குப் பச்சைத் தண்ணீர். பிறகு ஒரு குப்பி, அது சிவப்பைப் பாதியாக்கியது. ஓரத்தில் தெரிந்த ஊதாவையும் அவர் பீட்ரூட் என்றே எடுத்துக்கொண்டார். பிறகு இன்னொரு குப்பி, அதோடு கண்ணில் நீர் வரவைக்கிற காரத் திரவத்தில் இரண்டு சொட்டு. எனக்கு மூக்கு எரிந்தது, அவருக்கு ஒன்றுமில்லை. கறை மேல் ஈர வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார். "பத்து நிமிஷம் மாமா. ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்."

டீயை நின்றபடியே குடித்தோம். திரும்பி வந்து மூடிய துணியைத் தூக்கினார்.

சிவப்பு சுத்தமாகப் போயிருந்தது. கூடையும் போயிருந்தது. பிள்ளையும் போயிருந்தது. அந்த இடத்தில் நீலமும் ஊதாவுமாக ஒரு மேகம், ஓரத்தில் ஒரு வளையம். மேகத்துக்குள்ளே ஒரு கண் மட்டும் பாதி தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் கலைந்தது.

மாப்பிள்ளை மூடின துணியைத் திருப்பிப் பார்த்தார். அதில் நீலம் ஏறியிருந்தது.

"மாமா, இது எங்க மை இல்ல" என்றார். அதையே மறுபடி சொன்னார். மூன்றாம் தரமும் சொன்னார்.

நான்தான் போன் செய்தேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மணிக்கு வந்தாள். மேசைப் பக்கம் வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். நிதானமாகச் சொன்னாள்:

"அந்த மூலை மட்டும் வெளிய வாங்கின மை. பிள்ளைங்க ஸ்கூலுக்கு வாங்குற கறுப்பு மை, ஈரம் பட்டா நீலமா கலைஞ்சிடும். நம்ம பாட்டில் தீந்து போச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடியும் போய் உங்க கடைக்காரர் முன்னாடி நிப்பீங்க."

"நின்னா என்ன? நான் நிக்காததா? காலையில கேட்டேனே, நீ ம்னு சொன்னியே!"

"ஞாபகம் வரலங்க. சத்தியமா அந்த நேரத்துல ஞாபகம் வரல."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவள் வரைந்த அதே முதுகு.

இன்னும் நேரம் இருந்தது. அவர் அடியில் காய்ந்த துணிகளை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு அந்த இடத்தைக் காயவைத்தார். லாண்டரியின் மார்க்கிங் மை பாட்டிலையும் பேனாவையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். கடைக்காரரைக் கேட்கவில்லை. "போடு. முன்ன போட்ட மாதிரியே போடு." நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தேன். அது விடாமல் அழுதது, ராத்திரி தூங்காத அழுகை. திரும்பி வந்தபோது அவள் நீலத்தின் மேலே கூடையைப் போட்டு முடித்திருந்தாள். கூடை சரியாகத்தான் இருந்தது. பிள்ளை இல்லை. பேனா நுனி துணிமேல் தொட்டும் தொடாமலும் நின்றது.

"வரல பெரியப்பா" என்றாள்.

"நேரம் இருக்கும்மா. இதோ பாரு, எதிர்லயே இருக்கா, பாத்துப் போடு."

பார்த்தாள். அழுகிற பிள்ளையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பேனாவைக் கழுவி, துடைத்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டாள்.

பத்தரைக்கு மாட்டினோம். தலைமையாசிரியை சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற அம்மாள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் ஒரே அளவு நேரம் நின்றார். இவளுடையதன் முன்னால் மட்டும் கூடுதலாக நின்றார். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த நீலம் என்ன?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அதுல ஒரு குழந்தை இருந்துச்சுங்க. கறை எடுக்கும்போது போயிடுச்சு" என்றாள் என் தம்பி மகள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தலையாட்டினார். திரும்பி, என் தோளில் ஒருவழியாகத் தூங்கிப்போன அதிகாரியைப் பார்த்தார். "உங்க குழந்தையா? எத்தனை மாசம்?"

"எட்டு."

"பள்ளிக்கூடம் காலையில ஏழரைக்கு ஆரம்பிச்சுடும். வீட்ல பாத்துக்க யாராவது இருக்காங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "நான் இருக்கேங்க! நான் சாயங்கால வேலைக்கு மாத்திக்குவேன். எங்க அக்கா இருக்காங்க. இதோ இவங்க பெரியப்பா இருக்காரு. இந்தக் கறைகூட அவ தப்பு இல்லைங்க, நான்தான்..."

"சரி, சரி" என்றார் அந்த அம்மாள், தணிவாக. கையிலிருந்த தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

பன்னிரண்டு மணிக்கு, கண்ணாடித் தொட்டியில் மீன்கள் வரைந்திருந்த பெண்ணுக்கு வேலை என்று சொன்னார்கள். நல்ல படம்தான், குறை சொல்ல முடியாது. என் தம்பி மகள் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். துணியை நான்காக மடித்தாள். அன்று மத்தியானம் வீட்டில் பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டோம். மாப்பிள்ளை சாப்பிடவில்லை.

எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது. கறையாலா, பிள்ளையாலா, இல்லை மீன்தான் நன்றாக இருந்ததா? மாப்பிள்ளையைக் கேட்டால் கறை என்பார். ஒருநாள் மட்டும் பஸ் நிறுத்தத்தில் என்னிடம் உடைந்துவிட்டார். "மாமா, பிள்ளையாலதான் போச்சுன்னு யாராவது சொல்லிட்டா நல்லா இருக்கும்னு நினைக்கிறேன். பெத்த பிள்ளை மேல பழி போட்டுத் தப்பிக்கப் பாக்குறேன், பாத்தீங்களா? அவ ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. கைக்கு மருந்து போட்டு விடுறா மாமா. குப்பியால தோல் உரியுதுன்னு தினமும் மருந்து போட்டு விடுறா."

அக்காவுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. அவர் இன்னமும் ஓட்டல் சூப்பைப் புகழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்.

முப்பது முடிந்த வாரம் அவளைப் பார்க்கப் போனேன். கொடியில் பிள்ளைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதிகாரி தரையில் உட்கார்ந்து ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் பேச்சை அங்கே இங்கே சுற்றிக் கடைசியில் கேட்டுவிட்டேன். "வேலைக்குன்னு வேண்டாம்மா. சும்மா வீட்லயே, உனக்காக, கொஞ்சம் வரையலாம்ல?"

"பிடிவாதம்னு நினைக்காதீங்க பெரியப்பா" என்றாள். கையில் ஒரு சின்னச் சட்டை, அதை உதறி நீவினாள். "முன்னாடியெல்லாம் எதைப் பாத்தாலும் எங்க கோடு ஆரம்பிக்குதுன்னு கண்ணு தேடும். பஸ்ல, ஆஸ்பத்திரியில, தூக்கத்துலகூட. அது நின்னு போச்சு. நானா நிறுத்தல, தானாவே நின்னுடுச்சு. இப்ப சட்டை சட்டையா இருக்கு. வாளி வாளியா இருக்கு."

"பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் பிள்ளையைப் பார்த்தாள். அது கிளிப்பை எடுத்துவிட்டு அவளையே முறைத்தது.

"பசிக்குது அவளுக்கு" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.